களிமண் பிசைந்தவள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பதற்றத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைச் சோறு வடிக்கிற குண்டானில் போட்டு வைத்தேன், நிரம்பிவிட்டது. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போடுகிறேன்.

கடிதங்களைப் படிக்கப் படிக்க, பாதிக்கு மேல் என்னை ஒரே ஆளிடம் கொண்டுபோய் விட்டன. ரோலோ மே. 1909-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, 1994-ல் கலிஃபோர்னியாவில் இறந்தவர். சாவு, சுதந்திரம், தனிமை என்று மனுஷனாக இருப்பதாலேயே எழுகிற கேள்விகளை நடுவில் வைத்துப் பார்க்கிற இருத்தலியல் உளவியலை அந்த நாட்டில் ஊன்றியவர்களில் முக்கியமானவர். நான் எம்.ஏ. படித்தபோது மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த அவருடைய புத்தகம் ஒன்றை ஆறு ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் அதைச் சமையல் புத்தகங்களோடு அடுக்கி வைத்திருந்தார். பிற்பாடு முப்பத்தொரு வருஷம் ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தேன். பாடத்திட்டத்தில் அவருக்கு ஒன்றரைப் பக்கம்தான். அந்தக் குறையை இந்த இதழில் தீர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 28. மூன்றாவது வருஷமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதற்றத்தை வேரோடு பிடுங்க வழி உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

தம்பி, இதயத்தைப் பார்த்தது நல்லது. தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுவும் இப்படிப் படபடப்பைத் தரும். மற்றபடி ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பது மழையில் நிற்பவனிடம் ‘நனையாதீங்க’ என்று சொல்வது மாதிரி. சொன்னவர் குடைக்குள் இருக்கிறார்.

முதலில் பயத்தையும் பதற்றத்தையும் பிரித்துக்கொள்வோம். தெருநாய் துரத்தினால் வருவது பயம். நாய் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரியும். பதற்றத்தில் நாய் கண்ணுக்குத் தெரியாது, குரைப்பு மட்டும் கேட்கும். இதற்கு ரோலோ மே சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். ‘இது போனால் நான் நானே இல்லை’ என்று ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ, அதற்கு ஆபத்து வரும்போது எழுவது பதற்றம் என்றார். ஒருவருக்கு அது வேலை. இன்னொருவருக்குக் குடும்பத்தின் பெயர். வேறொருவருக்கு ஒரே ஒரு மனுஷரின் அன்பு. அதனால்தான் ஒருவரை உலுக்குகிற செய்தி பக்கத்து வீட்டுக்காரரின் காபியைக்கூட ஆற வைப்பதில்லை.

இதை அவர் நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் யோசிக்கவில்லை. 1940களின் தொடக்கத்தில், முப்பது சொச்சம் வயதில், அவருக்குக் காசநோய் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரோண்டாக் மலைகளுக்கு நடுவில் சாரனாக் லேக் என்று ஒரு ஊர். எட்வர்ட் ட்ரூடோ என்ற டாக்டர் தன் காசநோய்க்குக் காற்று மாற்றிக்கொள்ளப் போன மலைப் பிரதேசம் அது. உடம்பு தேறியதும் 1880களில் அங்கே ஒரு சானட்டோரியம் கட்டினார். (தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் காசநோய் ஆஸ்பத்திரியை வைத்து வந்த பெயர்தான்.) சாரனாக் லேக்கில் வீட்டுக்கு வீடு வராந்தா. பனி கொட்டினாலும் நோயாளிகள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அந்த வராந்தாக்களில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்துக்கிடப்பார்கள். நல்ல காற்றும் ஓய்வும்தான் மருந்து. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்கு முந்தைய காலம்.

ரோலோ மே அங்கே மாதக்கணக்கில் கிடந்தார். மாதம் ஒரு எக்ஸ்ரே. நுரையீரலில் இருந்த ஓட்டை பெரிதாகியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? அது தெரிகிறவரை காத்திருப்பு, தெரிந்தபின் அடுத்த மாதத்துக்கான காத்திருப்பு. அந்தப் படுக்கையில் இரண்டு பேரைப் படித்தார். ஒருவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட், இன்னொருவர் நூறு வருஷத்துக்கு முந்தைய டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட். பதற்றம் எப்படி உருவாகிறது, எப்படி வேலை செய்கிறது என்பதை ஃப்ராய்ட் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஆனால் எக்ஸ்ரேக்காகக் காத்திருக்கிற எங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை எழுதியவர் கீர்க்ககார்ட்தான் என்று மே பிற்பாடு சொன்னார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சிரித்துக்கொண்டே இருந்தவர்களும், ‘விதி’ என்று கையைக் கட்டிக்கொண்டவர்களும் தேறவில்லை. நோயோடு மல்லுக்கு நின்றவர்கள் தேறினார்கள். அவரும் முதலில் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தன்னை முழுக்க ஒப்படைத்துவிட்டுத்தான் கிடந்தார், முன்னேற்றம் இல்லை. இது என் நோய், நான்தான் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனசு திரும்பிய பிறகே உடம்பும் திரும்பத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார். (இன்று காசநோய்க்கு மாத்திரை இருக்கிறது. மனசைத் திருப்பிவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

வேரோடு பிடுங்கக் கேட்கிறீர்கள். மே விடமாட்டார். விஷயத்தின் அளவுக்கு ஏற்ற பதற்றம் இயல்பானது, அதை வைத்துக்கொண்டே நடக்கலாம் என்பார். விஷயம் கடுகு அளவு, பதற்றம் பூசணிக்காய் அளவு என்றால் அங்கேதான் எதையோ அமுக்கி வைத்திருக்கிறோம். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை படபடக்கும்போது லைட்டைப் போட்டு, ஒரு தாளில் எழுதுங்கள்: ஆட்டம் காண்பது எது? பரீட்சையா, அல்லது தெருவில் மூன்று வருஷமாக உங்களுக்கு இருக்கும் ‘படிக்கிற பையன்’ என்ற பெயரா? பரீட்சை என்றால் அட்டவணை போட்டுச் சமாளிக்கலாம். பெயர் என்றால், அது வேறு உரையாடல். அப்பாவிடமோ, உங்களிடமேயோ நடத்தவேண்டியது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏழாவது மாடியில் ஃப்ளாட். பால்கனியில் நின்றால் தவறி விழுந்துவிடுவேனோ என்பதைவிட, நானே குதித்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. எனக்குச் சாகிற எண்ணமே கிடையாது. ஏன் இப்படி? (வாசகி, சென்னை)

இந்த அனுபவத்தை 1844-லேயே எழுதிவைத்தார் கீர்க்ககார்ட். அப்போது அவருக்கு 31 வயது. புத்தகத்தைப் புனைபெயரில் போட்டார். அந்தப் பெயருக்குக் கோபன்ஹேகனின் காவல்காரன் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்தானே இதையெல்லாம் எழுத முடியும்!

அதல பாதாளத்தை எட்டிப் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றுகிறது. காரணம் பள்ளத்தில் பாதி, பார்த்த கண்ணில் பாதி என்றார். பதற்றத்தை அவர் சுதந்திரத்தின் கிறுகிறுப்பு என்று அழைத்தார். உங்கள் கால் உங்கள் பேச்சைத்தான் கேட்கும், வேறு யாரும் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை என்பது அந்த விளிம்பில் சட்டென்று உறைக்கிறது. கல்யாண நிச்சயத்துக்கு முந்தின ராத்திரியும், வேலையை ராஜினாமா செய்யக் கடிதம் டைப் அடிக்கும்போதும் இதே கிறுகிறுப்பு வரும். அவருக்கே வந்தது. ரெகினே ஓல்சன் என்ற பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டு, 1841-ல் அதை முறித்துவிட்டு, மிச்ச வாழ்நாள் பூராவும் அதைப் பற்றியே எழுதினார்.

குதித்துவிடுவேனோ என்ற பயம் வேறு, குதிக்க வேண்டும் என்ற ஆசை வேறு. உங்களுடையது முதல் வகை என்றுதான் தெரிகிறது. என்றைக்காவது இரண்டாவதாக மாறினால் ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாமல் வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. எதற்கெடுத்தாலும் பதறுகிறாள். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது, அடி கிடையாது. எங்களுக்குள் ஒத்துவராத விஷயங்கள் இருந்தாலும் அவள் முன்னால் காட்டிக்கொண்டதே இல்லை. எங்கே தப்பு செய்தோம்? (தாய், கும்பகோணம்)

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரு ஆராய்ச்சியின் கதையைச் சொல்கிறேன்.

சாரனாக் லேக்கிலிருந்து திரும்பிய மே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகப் பதற்றத்தையே எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில் கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களுக்கான விடுதி ஒன்றில் 13 பேரை நெருக்கமாக ஆராய்ந்தார். 1940களில் அந்த ஊரிலும் அது லேசான நிலைமை இல்லை. அவர் கையில் ஒரு கணக்கு இருந்தது: எந்தப் பெண்ணைத் தாய் அதிகம் ஒதுக்கினாளோ, அந்தப் பெண்ணுக்குத்தான் பதற்றம் அதிகம் இருக்கும்.

பாதிப் பேருக்குக் கணக்கு சரியாக வந்தது. மீதிப் பேருக்கு வரவில்லை. தாய் அப்பட்டமாக விரட்டியடித்த பெண்கள், தெருவில் வளர்ந்த பெண்கள், அவர்களிடம் பதற்றம் அவ்வளவாக இல்லை! மே மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஒருநாள் களைத்துப்போய் காகிதங்களை எல்லாம் மூடி வைத்துவிட்டு, சுரங்க ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார். வேறு எதையோ யோசித்துக்கொண்டு போகும்போது பொறி தட்டியது. கணக்கில் சேராத பெண்கள் எல்லோருமே உழைக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். அவர்களுக்குத் தாய் தன்னை விரும்பவில்லை என்பது தெரியும். அழுதார்கள், திட்டினார்கள், அப்புறம் தெருவில் இறங்கி வேறு சிநேகிதம் தேடிக்கொண்டார்கள். கணக்கில் சேர்ந்த பெண்கள் நடுத்தர வர்க்கம். அவர்களின் தாய்மார்களும் மகளை ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் உயிரையே வைத்திருப்பது போல நடந்துகொண்டார்கள். ஒதுக்கியது அந்தப் பெண்களை அவ்வளவு பதற வைக்கவில்லை. தாய் பொய் சொன்னதுதான் பதற வைத்தது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா, இல்லை தரை மாதிரி எதையோ விரித்து வைத்திருக்கிறார்களா என்று தெரியாத இடத்தில் எப்படி நிற்பது?

நீங்கள் மகளை நேசிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. மூன்று பக்கக் கடிதம் அதற்குச் சாட்சி. ஆனால் ‘காட்டிக்கொண்டதே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் என் கண் நின்றது. பிள்ளைகள் வாசலில் செருப்புக் கழற்றும்போதே வீட்டின் வெப்பநிலையைப் படித்துவிடுவார்கள். சமையலறையில் பாத்திரம் வைக்கப்படும் சத்தம் போதும். ஆனால் ‘ஒன்னுமில்லடா’ என்கிறீர்கள். அப்போது அந்தப் பெண் தன் காதை நம்புவதா, உங்கள் வாயை நம்புவதா?

என் வீட்டுக் கதை ஒன்று. என் தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி, பயாப்சி அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட் வர பதினொரு நாள் இழுத்தடித்தார்கள். எந்த லேப் என்பது இங்கே வேண்டாம். வருகிறவர், போகிறவர் எல்லோரும் ‘ஒன்னும் இருக்காது, பாரேன்’ என்றோம். நானும்தான், உளவியல் படித்த நானும்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பை விட்டுவிட்டு இலையை எடுக்கவேண்டியவள், இலையைக் குப்பையில் போட்டுக் காம்பைப் பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “எனக்கும் பயமாத்தாண்டி இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவள் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பாடா, இப்பவாவது சொன்னியே” என்றாள். இரண்டு பேரும் குப்பையைக் கிளறி இலைகளைப் பொறுக்கினோம். அன்று ராத்திரி, ஒன்பது நாளில் முதல்முறையாக, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். (ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம், இந்தக் கதைக்குச் சம்பந்தம் இல்லை.)

உங்கள் வீட்டுச் சங்கடம் முழுவதையும் மகள் தலையில் கொட்டச் சொல்லவில்லை. “ஆமா, எனக்கும் அப்பாவுக்கும் ஒரு விஷயத்துல ஒத்துவரல, பேசிட்டிருக்கோம், உன்னால இல்ல” என்ற அளவுக்கு உண்மையைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தோஹாவில் நல்ல சம்பளம். ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மாதமாகக் காலையில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனா? (வாசகர், கத்தார்)

ரோலோ மே 21 வயதில் கிரேக்க நாட்டுக்குப் போனார், தெசலோனிக்கியில் இருந்த அனடோலியா கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. 1930 முதல் மூன்று வருஷம். தனிமை. அதை மறக்க மேலும் மேலும் உழைத்தார். உழைக்க உழைக்க வகுப்பில் பேச்சு எடுபடவில்லை. இரண்டாம் வருஷம் வசந்த காலத்தில் உடம்பு வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு வாரம் படுக்கை.

எழுந்ததும் மலைப்பக்கம் நடந்து போயிருக்கிறார். ஒரு இடத்தில் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புப் பூக்கள், காட்டுக் கசகசா. நம் குருமாவில் அரைத்து விடுகிறோமே, அந்தக் கசகசாச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அங்கேயே நின்று அவற்றைப் படம் வரைய ஆரம்பித்தார். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாத ஒரு காரியத்தைத் தான் செய்து எவ்வளவு காலமாகிறது என்று அங்கேதான் உறைத்தது. பிற்பாடு கோடை விடுமுறையில் வியன்னா பக்கம் போய் ஆல்ஃப்ரட் ஆட்லர் என்ற உளவியலாளரின் வகுப்பில் உட்கார்ந்தார். அங்கே பிடித்தது உளவியல் பைத்தியம்.

தோஹாவில் கசகசா கேட்காதீர்கள். வளைகுடா நாடுகளில் அதற்கு ஜெயில், ஊரிலிருந்து மசாலாப் பொட்டலத்தில்கூட வரவழைக்க வேண்டாம். ஆனால் பயனில்லாத ஒரு காரியம் கேட்கலாம். முன்பு கேரம் ஆடுவீர்களா? பாடுவீர்களா? அதை எழுதி அனுப்புங்கள். இரண்டு மாதமாக இப்படி இருப்பதால் மனச்சோர்வு நோயா என்று டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். சோம்பேறி என்ற சொல்லை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கல்யாணமாகி 22 வருஷம். இருவரும் சண்டை போடுவதே இல்லை. பேசுவதும் ‘பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா’ அளவோடு சரி. காதல் தீர்ந்துவிட்டதா? (வாசகி, கோவை)

சண்டை போடாததை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்களா, வருத்தமாகவா என்று தெரியவில்லை. வருத்தமாக இருந்தால் நல்லது.

1969-ல் ‘லவ் அண்ட் வில்’ (காதலும் மனவுறுதியும்) என்று ஒரு புத்தகம் எழுதினார் மே. காதல் என்ற சொல் அமெரிக்காவில் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டிருந்த வருஷங்கள். இவர் போய், வெறுப்பு காதலுக்கு எதிர்ப்பதம் கிடையாது, எதிலும் ஒட்டாத மரத்துப்போன தன்மைதான் எதிர்ப்பதம் என்றார். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். வெறுக்கிறவர் இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மரத்துப்போனவர் பார்க்கவே இல்லை. போன தலைமுறை உடம்பு படாமல் காதலிக்கப் பார்த்தது, இந்தத் தலைமுறை மனசு படாமல் உடம்பைச் சேர்க்கப் பார்க்கிறது, இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு முகம் என்பதும் அவர் வாதம். நேசித்தால் இழக்க நேரும். இழப்பைத் தவிர்க்க ஒரே வழி உணராமல் இருப்பது. அப்படியே பழகிவிடுகிறோம்.

அவர் காதலோடு மனவுறுதியைச் சேர்த்தே பேசியது சும்மா இல்லை. ‘மனசில் எவ்வளவோ அன்பு இருக்கு, சொல்லத்தான் தெரியல’ என்கிற ஆண்பிள்ளைகளை நமக்கெல்லாம் தெரியும். அந்த அன்பு பரணில் கிடக்கிற வெண்கலப் பானை மாதிரி. இருக்கிறது, சரி. அதில் யார் பொங்கல் வைத்தார்கள்?

கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்கிறாரே, அவர் அதை மறக்காமல் கேட்கிறாரா? நீங்கள் கேஸ் தீர்ந்து திண்டாடக்கூடாது என்று கேட்கிறாரா, தன் காபி தவறக்கூடாது என்றா? சொற்கள் ஒன்றுதான். 22 வருஷம் கூட இருந்தவருக்கு வித்தியாசம் தெரியும், தெரியாத எனக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால் ஒரு சண்டையாவது போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மேடையில் பேசும்போது மைக் பிடித்த கை நடுங்குகிறது. எல்லோரும் பார்த்துவிடுவார்களே என்று நினைத்தால் இன்னும் நடுங்குகிறது. (ஆசிரியர், விருதுநகர்)

வியன்னாவில் விக்டர் ஃப்ராங்க்ல் என்று ஒரு டாக்டர், ஆஷ்விட்ஸ் முதலான நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர். அவரிடம் ஒரு இளம் டாக்டர் வந்தார். ஆட்களைப் பார்த்தால் வியர்த்துக் கொட்டும், கொட்டிவிடுமே என்று நினைத்தாலே கொட்டும். ஃப்ராங்க்ல் சொன்ன வைத்தியம்: “அடுத்த தடவை உனக்கு எவ்வளவு வியர்க்கும் என்று வேண்டுமென்றே காட்டு.” அந்த ஆளும் யாரையாவது பார்த்தால் மனசுக்குள், இதுவரை ஒரு படிதான் வியர்த்தேன், இன்றைக்குப் பத்துப் படி ஊற்றிக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டார். நாலு வருஷத் தொல்லை ஒரே வாரத்தில் போயிற்று. நீங்களும் ஆண்டு விழாவில் மைக்கையே உதறிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். வேண்டுமென்று நடுங்க முயன்றால் கை ஒத்துழைக்காது.

கேள்வி: உளவியல் முதலாண்டு மாணவி. இருத்தலியல் சிகிச்சைக்கு ‘டெக்னிக்’ என்ன என்று கேட்டால் ஆசிரியர்கள் மழுப்புகிறார்கள். (திருச்சி)

மழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்று நாலு கவலைகளை வைத்து 1980-ல் இந்தத் துறைக்கே ஒரு பெரிய பாடநூல் எழுதினார். அதை ஒரு சமையல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறார். வகுப்பு எடுப்பவர் ஒரு வயதான ஆர்மீனிய அம்மாள். கூட அவருடைய வயதான உதவியாள். அந்த அம்மாள் செய்வதை அப்படியே பார்த்துச் செய்தும் இவருக்கு அந்த ருசி வரவில்லை. ஒருநாள் உற்றுக் கவனித்தார். பாத்திரம் அம்மாளின் கையிலிருந்து அடுப்புக்குப் போகிற வழியில், உதவியாள் நடையை நிறுத்தாமலே, கைக்கு வந்த மசாலாவை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார்! சிகிச்சையிலும் நோயாளியைத் தேற்றுவது பாடத்தில் இல்லாத அந்த அள்ளிப்போடுதல்தான், இருத்தலியல் அணுகுமுறை அதைப் பற்றியது என்பார் யாலோம். உங்கள் பாட்டியிடம் சாம்பாருக்கு அளவு கேட்டுப் பாருங்கள். அவரும் மழுப்புவார். நாம் அதற்குக் கைப்பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என் அட்டை கிழிந்த புத்தகம் சமையல் வரிசையில் இருந்ததற்கு இப்போது கோபமில்லை.

கேள்வி: நான் பகுத்தறிவுவாதி. புராணக் கதைகள் பொய். ஒரு உளவியலாளர் ஏன் அவற்றைத் தூக்கிப் பிடிக்கிறார்? (வாசகர், ஈரோடு)

நீங்கள் கேட்பது ‘நடந்ததா?’. அவற்றைத் தூக்கிப் பிடித்த ரோலோ மே கேட்டது ‘இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு மனுஷருக்கு என்ன நேர்ந்தது?’. இரண்டு கேள்விக்கும் இடம் உண்டு.

பழைய கிரேக்க நாடகத்தில் வரும் ஈடிபஸ் ராஜாவின் கதையை எடுங்கள். அப்பனைக் கொன்று அம்மாவை மணந்தவன் என்பதில் ஃப்ராய்ட் நின்றார். மே, கொலையெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்துத்தானே நாடகமே ஆரம்பிக்கிறது என்றார். மேடையில் நடப்பது என்ன? ஒரு மனுஷன் ‘நான் யார்’ என்று தோண்டுகிறான். குருட்டுத் தீர்க்கதரிசி வேண்டாம் என்கிறார், மனைவி வேண்டாம் என்று கெஞ்சுகிறாள், அவன் விடவில்லை. தெரிந்துகொள்வதா, தெரியாமல் சுகமாக இருப்பதா? டி.என்.ஏ. பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவரைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கதை பொய்யா?

நார்வே நாடகாசிரியர் இப்சன் 1867-ல் எழுதிய பேர் கிந்த் நாடகத்தையும் மே ஒரு தொன்மமாகவே படித்தார். ஊர் ஊராகச் சுற்றி, வேஷம் வேஷமாகக் கட்டி, கிழவனாகித் திரும்புகிறான் நாயகன். காட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். ஒவ்வொரு தோலுக்கும் தன் பழைய வேஷம் ஒன்றின் பெயரைச் சொல்லிச் சொல்லி உரிக்கிறான். நடுவில் பருப்பு மாதிரி ஏதாவது இருக்கும் என்று பார்த்தால், கடைசித் தோலுக்கு அப்புறமும் ஒன்றுமில்லை. ஈரோட்டில் வெங்காயம் என்ற சொல்லுக்கு உள்ள அர்த்தம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெரியாருக்கும் இப்சனுக்கும் ஒரே காய்தான் கிடைத்திருக்கிறது.

கேள்வி: வயது 74. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கவலை விடுவதில்லை. பேத்தி பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பினால், அவள் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. மனுஷப் பிறவிக்கு இந்தக் கவலையை யார் வைத்தது? (வாசகர், மன்னார்குடி)

யார் வைத்தது என்றே கேட்டுவிட்டீர்கள் ஐயா. அதற்கு ரோமானியர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் 1927-ல் அதை எடுத்துக் கையாண்டார், மே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான் மேயிடமிருந்து எடுக்கிறேன்.

கூரா என்று ஒரு பெண் தெய்வம். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கவலை என்றும் அர்த்தம், அக்கறை என்றும் அர்த்தம். அவள் ஒரு ஆற்றைக் கடக்கும்போது கரையில் களிமண்ணைப் பார்த்தாள். யோசனையோடு ஒரு கை அள்ளிப் பிசைந்தாள். ஒரு உருவம் வந்துவிட்டது. என்ன செய்துவைத்தோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தேவர்களின் ராஜா ஜூபிடர் வந்தார். இதற்கு உயிர் கொடு என்றாள், கொடுத்தார். பேர் வைக்கிற இடத்தில் தகராறு. என் பேர்தான் வைக்கவேண்டும் என்றாள் கூரா. உயிர் கொடுத்தது நான், என் பேர் என்றார் ஜூபிடர். மண் என் உடம்பிலிருந்து எடுத்தது, என் பேர் என்று பூமித்தாயும் எழுந்து வந்துவிட்டாள். சொத்துத் தகராறு மாதிரியே ஆகிவிட்டது. பஞ்சாயத்துக்குச் சனியைக் கூப்பிட்டார்கள். நம்மூர்ச் சனீஸ்வரன் இல்லை, அவர்கள் ஊர் சாட்டர்ன். காலத்தின் தெய்வமாகவும் அவரைச் சொல்வார்கள்.

அவர் தீர்ப்பு: செத்த பிறகு உயிர் ஜூபிடருக்கு. உடம்பு பூமிக்கு. மண்ணில், ஹூமஸில், செய்ததால் பேர் ஹோமோ. முதலில் பிசைந்தவள் கூரா என்பதால், உயிரோடு இருக்கும்வரை இது அவளுக்குச் சொந்தம்.

உங்கள் பேத்தியின் பஸ் எத்தனை மணிக்கு வரும்? நாலரைக்கா? எழுந்து உட்கார்ந்துதான் இருக்கப் போகிறீர்கள், ஃப்ளாஸ்க்கில் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு வையுங்கள். வந்து சேர்ந்ததும் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.